சாப்பிடாமல் வந்த தயிர்

கொரோனா அடங்கி, ஆட்கள் முகக்கவசத்தை மறந்துபோயிருந்த காலம். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் வயலும் குளமும் மாறி மாறி வருகிற ஒரு ஊர் இருக்கிறது. ஊரின் பெயரை எழுத மனம் வரவில்லை. அந்த ஊருக்குப் போதுமான கெட்ட பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கே எருமைகளை அடைக்கிற பட்டி ஒன்று வைத்திருந்த வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில், அன்புவழிபுரத்தில். அப்பா மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறவர். கையெழுத்து போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து அவருக்கு வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து கம்பஸ் வரை போனவன் நான்தான் முதல். விலங்கியல் படித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்த பிறகு, கால்நடைகளில் இருந்து மனிதருக்கு வரக்கூடிய வைரஸ்களைத் தேடும் ஒரு ஆய்வுக் குழுவில் வேலை கிடைத்தது. பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். மாடு, ஆடுகளில் இருந்து உண்ணி பிடுங்குவது, இரத்தம் எடுக்கும்போது மாட்டைப் பிடிப்பது, குழுவுக்கும் ஊராட்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது, இவ்வளவுதான். குழுத் தலைவி கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, மிருக வைத்தியர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் அவவுக்கு நன்றாக விளங்கும், பேசத்தான் கூச்சம்.

வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: "அப்ப நீ மாட்டு டொக்டரோ?"

"இல்லையப்பா. மாட்டில இருக்கிற உண்ணியில என்ன வைரஸ் இருக்கெண்டு பாக்கிறது."

"சரிதான். மாட்டுக்கும் இல்லை, மனுசருக்கும் இல்லை. உண்ணி டொக்டர்!"

அந்தப் பெயர் தெரு, ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஆனாலும் மீன்வாடியில் என்னைப் பற்றிப் பேசும்போது அவர் "மகன் ஆராய்ச்சி" என்றுதான் சொல்வாராம். எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

அந்த எருமைப் பட்டிக்கு நாங்கள் போனது ஒரு வெயில் காலத்தில். குளம் வற்றி எருமைகள் சேற்றிலேயே கிடக்கிற நேரம். அது முஸ்லிம் ஊர். பட்டிக்காரரை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பேச்சையெல்லாம் அவருடைய மனைவிக்கு விட்டிருந்தார். அவவை நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டோம். அந்த வீட்டை ஊரில் "தயிர் வீடு" என்றால் குழந்தைக்கும் தெரியும். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மண் சட்டிகளில் வார்த்து, கடதாசியால் மூடிக் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். காலையில் வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். திருகோணமலை டவுனில் நாங்கள் சின்ன வயதில் இருந்து சாப்பிட்ட சட்டித் தயிரில் பாதி அந்தப் பக்கத்தில் இருந்து வருவதுதான்.

வேறு சில பட்டிக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் "மாட்டைக் குத்த விட ஏலாது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நானா அப்படிச் சொல்லவில்லை. "நாலு பேருக்கு உதவுமெண்டா எடுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நாங்கள் வெள்ளை மேலங்கி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினோம். எருமைகளே எங்களைப் பார்த்து மிரண்டன. வேலியில் ஊர்ச்சனம் வந்து நிறைந்துவிட்டது. "சந்திரனுக்குப் போற ஆக்கள் வழி மாறி வந்துட்டாங்க போல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் முகக்கவசத்துக்குள்ளே சிரித்தேன். எருமையின் காதுக்குள்ளும் வாலின் அடியிலும் அட்டையாய்ப் பிடித்திருந்த உண்ணிகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பிகளில் போட்டு, இரத்தமும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்தோம். ஒரு கிழட்டு எருமை என்னைச் சேற்றில் தள்ளிவிட்டது. அன்றைக்கு ஊர் முழுக்க அதுதான் கதை என்று நினைத்தேன். கதை வேறாகப் போனது.

வேலை முடிகிற நேரம் ராத்தா குசினியில் இருந்து வெளியே வந்தா. கையில் தட்டம். தட்டத்தில் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்களில் தயிர். கரண்டியால் வெட்டியெடுத்தால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிற தயிர். மேலே கித்துள் பனையின் பாணி ஊற்றியிருந்தா. மாமரத்தின் கீழ் இருந்த வாங்குப் பலகையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெயிலுக்க நிண்டு களைச்சிட்டீங்க, சாப்பிடுங்க" என்றா.

எங்களுடைய வேலையில் ஒரு சட்டம் உண்டு. மாதிரி எடுக்கிற இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீர்கூட வாயில் வைக்க முடியாது. உண்ணி நசுங்கினால் அதற்குள் இருப்பது கையில் படலாம், கையில் இருந்து வாய்க்குப் போகலாம். தங்குமிடத்துக்குப் போய்க் குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் எதுவும். அது நல்ல சட்டம். இன்றைக்கும் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

மேடம் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினா. பிறகு என்னைப் பார்த்தா, மொழிபெயர்க்கச் சொல்லி.

"ராத்தா, குறை நினைக்காதேங்கோ. வேலை செய்யிற இடத்தில நாங்கள் ஒண்டும் சாப்பிடக்கூடாது. அது சட்டம்."

"என்ன தம்பி, எங்கட கையால சாப்பிட்டா உங்கட சாமி கோவிக்குமா?" என்று ராத்தா சிரித்தா.

"சாமி கோவிக்காது ராத்தா. மேடம்தான் கோவிப்பா."

அவவும் சிரித்தா, நானும் சிரித்தேன். "இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறன்" என்று சொன்னேன். நாங்கள் மேலங்கிகளைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டுக் கட்டி, கைகளை மருந்துத் தண்ணீரால் கழுவி, வாகனத்தில் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது பீங்கான்கள் வாங்கில் அப்படியே இருந்தன. வேலியில் நின்ற சனம் எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பீங்கான்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தேன். மேடம் கணினிக்கு முன்னால் அசையாமல் இருந்தா. அந்தப் பட்டியில் பிடுங்கிய உண்ணிகளில் ஒரு வைரசின் சின்னத் துண்டு அகப்பட்டிருந்தது. உலகத்தில் இதுவரை பதிவான எதனோடும் அது முழுதாக ஒத்துப்போகவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வைரசுக்கும் ஒரு எழுத்து வரிசை இருக்கிறது. நாலே நாலு எழுத்து, அவைதான் ஆயிரக்கணக்கில் மாறி மாறி வரும். ஒரு புது வைரஸ் அகப்பட்டால் அந்த வரிசையைத் தெரிந்த வைரஸ்களின் வரிசைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்து, இது எந்த இனம், எதற்குக் கிட்ட, எதற்குத் தூரம் என்று ஒரு மரம் வரைவார்கள். நோய் தரக்கூடியதா, இல்லையா என்பதற்கு அந்த மரம் ஒரு பெரிய துப்பு. ஆனால் எங்களிடம் இருந்தது முழு வரிசை இல்லை, ஒரு துண்டு மட்டும். அந்தத் துண்டுக்கு மிகக் கிட்டவாக நின்றது, வேறு நாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கிற ஒரு காய்ச்சல் வைரஸ்.

அந்த எருமை என்னைச் சேற்றில் தள்ளியது ஞாபகம் வந்தது.

மேடம் சொன்னா, இந்தத் துண்டு அந்த இனத்து வைரஸ்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற பகுதி, இதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது என்று. முழு வரிசையும் எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய இரசாயனங்கள் நாட்டில் இல்லை. வரவழைக்க மாதங்கள் ஆகும்.

ஆனால் பட்டிக்காரருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம், என்ன கண்டாலும் முதலில் அவருக்குச் சொல்வோம் என்று. சுகாதாரப் பகுதிக்கும் அறிவிக்க வேண்டியது முறை. இரண்டையும் செய்தோம். நானாவிடம் சொல்லப் போனது நான்.

அவர் பட்டி வாசலில் நின்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஒரு எருமையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். உண்ணியில் ஒரு புது வைரஸ் இருக்கிறது, அது புதிதாகப் பிறந்ததில்லை, எத்தனையோ காலமாக இருந்திருக்கும், நாங்கள்தான் இப்போது கண்டோம், பாலைக் காய்ச்சுகிறீர்கள்தானே, பயப்பட ஒன்றுமில்லை, உண்ணியை வெறுங்கையால் பிடுங்காமல் இருங்கள் என்று எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன்.

"அப்ப இது நல்லதா கெட்டதா தம்பி?"

"இன்னும் தெரியாது நானா. முழுக்கப் பாத்துத்தான் சொல்லலாம்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குள் ராத்தா ஒரு பீங்கானில் தயிர் கொண்டு வந்தா. நான் வாயைத் திறக்கும் முன்னமே நானா, "விடு, அவங்க சாப்பிட மாட்டாங்க" என்றார். அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. எங்களுக்கு உதவுகிற மாதிரித்தான் சொன்னார். ராத்தா அப்படியே திரும்பிப் போனா. இந்த முறை சிரிக்கவில்லை.

"தெரியாது" என்பது எங்கள் வேலையில் ஒரு நேர்மையான சொல். எனக்கு அதைச் சொல்லவே நாலு வருஷம் படிப்பித்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் வந்து "இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? வீட்டுக்குப் போய்ச் சாவுப் பந்தலுக்குச் சொல்லும். நானாவின் வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

பிறகு நடந்ததை எல்லாம் நான் தூரத்தில் இருந்துதான் கேள்விப்பட்டேன். நாங்கள் வெள்ளை மேலங்கியோடு பட்டியில் நின்றதை யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அது ஃபோன் ஃபோனாகப் போய்விட்டது. படத்தின் கீழே "புதிய வைரஸ், தயிர் சாப்பிட வேண்டாம்" என்று ஒரு வரி. கொரோனாவில் அடிபட்ட சனத்துக்கு அந்த ஒரு சொல் போதும். முதலில் டவுன் கடைகள் நிறுத்தின. வான்காரர் ஒருநாள் வந்து பாதிச் சட்டிகளை ஏற்றினார், அடுத்த நாள் வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் அந்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்று மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போனார்களாம்.

என் வீட்டிலேயே அந்தக் கதை ஒருநாள் வந்து குந்திக்கொண்டது. அம்மா சந்தையில் மலிவாய்க் கிடைக்கிறதென்று ஒரு சட்டித் தயிர் வாங்கி வந்திருந்தா. அப்பா வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்தார். சட்டியைப் பார்த்தார்.

"இது அந்தப் பக்கத்துத் தயிரோ?"

"ஓம்" என்றா அம்மா. "ஏன், வாசமே கமகமவெண்டு இருக்கு."

நான் உடனே தொடங்கிவிட்டேன். வைரஸ் உண்ணியில்தான் அகப்பட்டது, பாலில் இல்லை, பாலைக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள், காய்ச்சினால் எதுவும் தப்பாது, உறைந்த தயிரின் புளிப்பும் ஒரு காவல் என்று கம்பஸில் படித்ததெல்லாம் கொட்டினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். மகன் பேசுவதைக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்தான். எல்லாம் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"நீ அங்க சாப்பிட்டனியோ?"

"இல்லையப்பா. அது வேலைச் சட்டம்..."

"சட்டம் கிடக்கட்டும். அவை தந்தவையோ?"

"ஓம், தந்தவை."

"நீங்கள் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை?"

"இல்லை."

"அப்ப சரி" என்றார் அப்பா. எழும்பினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய் வேலியடியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் ஒரு வீட்டோடு கோபம் என்றால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம். கோபம் தீர்ந்தது என்பதைக் காட்டுவதும் ஒரு மிடறு தண்ணீர்தான். கலியாணப் பேச்சு சரிவந்ததா இல்லையா என்று அறிய ஒருவரும் வாயைப் பார்ப்பதில்லை, தேத்தண்ணிக் கோப்பையைத்தான் பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிறந்ததில் இருந்து தெரிந்த விஷயம். வேலியில் நின்ற சனத்துக்கு எங்கள் ஐஸ் பெட்டியும் குப்பியும் விளங்கியிருக்காது. வாங்கில் இருந்த பீங்கான்கள் விளங்கின. படித்த ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அந்த வீட்டுத் தயிரை வாயில் வைக்காமல் போனார்கள். தீர்ப்பு அங்கேயே சொல்லியாகிவிட்டது.

அடுத்த நாளே மேடத்துக்கு ஃபோன் எடுத்தேன். எல்லோரும் போய், ஊர் பார்க்க, அந்த வீட்டில் இருந்து தயிர் சாப்பிடுவோம் என்றேன். அவ திருப்பிக் கேட்டா, நாங்கள் சாப்பிட்டதைப் பார்த்து ஊரும் பயத்தை விட்டு, உண்ணியையும் முன்போலக் கையால் பிடுங்கி நசுக்கி, முழு வரிசை வந்து பார்க்கும்போது அது அந்தக் காய்ச்சல் வைரசாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. "ஒரு பிள்ளை செத்தா நான் யாருக்குப் பதில் சொல்லுறது?" அதை மட்டும் தமிழில் சொன்னா. அத்தோடு அந்த யோசனையை விட்டேன்.

சுகாதாரப் பகுதியினர் ஊரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். "காய்ச்சிய பால் பாதுகாப்பானது" என்று அதில் பெரிதாகப் போட்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கேட்டாராம், "அப்ப வந்த டொக்டர்மார் ஏன் சாப்பிடல்ல?" பதில் சொன்னார்கள்தான். கேட்டவர் பதில் முடியும் முன்னமே உட்கார்ந்துவிட்டாராம்.

நானா எருமைகளை விற்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். கிட்டடியில் ஒருவரும் வாங்கவில்லை. வெருகல் பக்கத்தில் இருந்து ஆட்கள் வந்து, வந்த விலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பால் தராத எருமைக்கும் தீனி போட வேண்டும். வாங்க ஆளில்லாத பாலைக் கறந்து என்ன செய்வது? சில நாள் பாலைக் கறந்து குளத்துச் சேற்றில் ஊற்றினாராம். அதைச் சொன்ன ஆட்டோக்காரர், "அந்த மனுசன் ஊத்தேக்க அங்கால முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊத்துவார்" என்றார்.

இரசாயனங்கள் வந்தன. முழு வரிசையும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நான் ஆய்வுகூடத்தில்தான் நின்றேன். திரையில் அந்த மரம் மெல்ல மெல்ல விரிந்தது. அந்தக் காய்ச்சல் வைரஸ் ஒரு பக்கக் கிளையில் நின்றது. எங்களுடையது அதைவிட்டு வெகுதூரம் விலகி, வேறொரு கிளையில், தனியாய்ப் புது முளை மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் நின்றவை எல்லாம் உண்ணிகளுக்குள்ளேயே வாழ்ந்து உண்ணிகளோடேயே போகிற வைரஸ்கள். மனிதருக்கோ மாட்டுக்கோ நோய் கொடுத்ததாக அவற்றில் ஒன்றைப் பற்றியும் பதிவு இல்லை. அந்தப் பட்டி எருமைகளின் இரத்தத்தையும் சோதித்தார்கள், வைரஸ் அவற்றுக்குள் போனதற்கு ஒரு தடயமும் இல்லை.

ஆய்வுகூடத்தில் கைதட்டினார்கள். புது இனம் ஒன்றைக் கண்டவர்கள் என்று எங்களுக்குப் பெருமைதான். அதற்குப் பெயர் வைக்கிற பேச்சு வந்தபோது மேடம் ஒன்றில் பிடிவாதமாக நின்றா, ஊரின் பெயர் எங்கும் வரக்கூடாது, ஒரு ஊரை வைரசோடு சேர்த்துக் கட்டக்கூடாது என்று. எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயர்தான் வைத்தார்கள். நல்ல விஷயம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அதற்குள் அந்த ஊரில் "தயிர் வீடு" என்ற பெயர் போய், "வைரஸ் வீடு" என்று வந்து வெகுநாளாகிவிட்டது.

மேடமும் நானும் சேர்ந்துதான் போனோம். மரத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டு போனோம். மேலங்கி இல்லை, கையுறை இல்லை. வழியில் மேடம் சொன்னா, இன்றைக்கு ரோட்டில் கதிரை போட்டு இருந்து சாப்பிடுவேன் என்று. நானும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன்.

வாசலில் இறங்கும்போதே விளங்கிவிட்டது. பட்டிக்குள் புல் முளைத்திருந்தது. சேறு காய்ந்து, குளம்பு பட்ட பள்ளங்கள் அப்படியே இறுகிப்போய்க் கிடந்தன. மாமரத்தின் கீழே மண் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் கோழி ஏறி நின்றது. நானா யாரோ ஒருவருடைய வயலில் வரம்பு கட்டிவிட்டு வந்து, காலில் சேறோடு நின்றார்.

தாளை வாங்கில் விரித்தேன். விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். இது கெட்ட வைரஸ், இந்தக் கிளையில் நிற்கிறது. நாங்கள் கண்டது இங்கே, வெகுதூரத்தில். ஒருத்தருக்கும் ஒன்றும் செய்யாத கூட்டத்தோடு. நானா குனிந்து, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"இதுல எங்கட மாடு எங்க நிக்கிது?"

"மாடு இதில இல்லை நானா. இது வைரஸ்களின்ர மரம். அதுவும் உண்ணியில இருந்ததுதான்."

"மாடு இதுல இல்லவே இல்லையா?"

"இல்லை."

அவர் நிமிர்ந்து, வெறும் பட்டியைப் பார்த்தார். "அப்ப எங்கட மாட்டில பிழை இல்ல."

"ஒரு பிழையும் இல்லை நானா."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே மகன்."

"அப்ப எங்களுக்குத் தெரியாது."

"ஓம்" என்றார். "அப்ப தெரியாது." அவர் அதை ஒத்துக்கொண்ட விதம்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

மேடம் தன் தமிழில் மெல்லக் கேட்டா, வேறு எங்காவது பட்டியில் பால் வாங்கியாவது தயிர் போடுகிறீர்களா என்று. போட்டால் நாங்கள் வாங்கிக் கொண்டுபோவோம் என்றா. நானா இல்லை என்று தலையாட்டினார். வீட்டுக்குள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. ராத்தா தட்டத்தோடு வந்தா. இரண்டு கோப்பை தேத்தண்ணி. பால்மாத் தேத்தண்ணி. மேலே கரையாத பால்மாக் கட்டி ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"பைக்கட் பால்தான், குறை நினைக்காதீங்க" என்றா.

பட்டி நிறைய எருமை நின்ற வீடு அது. நான் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. மேடமும் குடித்தா. வேலியைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் குடிப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. வேலியில் ஒருத்தரும் இல்லை. நல்ல செய்தி கொண்டுவருகிறவர்களுக்கு வெள்ளை மேலங்கி இல்லை, அதனால் வேடிக்கை பார்க்கவும் ஆள் வருவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. எழுதிவைத்த சட்டமில்லை, மேடமும் நானும் பேசிச் செய்துகொண்டது. எந்தப் பட்டிக்குப் போவதானாலும் முதல் நாள் சாதாரண உடுப்போடு போவோம். கொடுப்பதைச் சாப்பிடுவோம், குடிப்போம், ஊரோடு இருந்து கதைப்போம். மேலங்கி எதற்கு, மாதிரி எடுக்கிற அன்று ஏன் சாப்பிடமாட்டோம் என்பதெல்லாம் அன்றைக்கே சொல்லிவிடுவோம். அடுத்த நாள்தான் வேலை. தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் எனக்கு மூன்று முறை சோறு போட்டுவிட்டு, "நாளைக்குச் சாப்பிடமாட்டியள்தானே, அதையும் சேத்துச் சாப்பிடுங்கோ" என்றார்கள். சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அப்பாவிடம் முடிவைச் சொன்னேன். மரத்தையும் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்டைக்குச் சட்டியைக் கவிழ்த்தது பிழைதான் என்ன?" என்று கேட்டார். நான் தாளைச் சுருட்டி வைத்தேன்.

அந்த வைரசின் வரிசையில் எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வருகிறது என்று நாங்கள் கண்டுபிடித்துப் பதிந்து வைத்திருக்கிறோம், உலகத்தில் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். ராத்தா வெயிலுக்குள் கொண்டுவந்து வைத்த அந்தத் தயிரின் ருசி மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.